மின்சாரக் கித்தாரும் நீர் கலந்த பாலும்

மலேசியத் தமிழ் இளைஞர்களிடையே சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பதிவு செய்யும் ஆர்வம் பெருகி வருகின்றது. மலாக்கா நகரத்தில் மட்டுமன்றி, ஜாசின், மெர்லிமாவ், நாம் வாழும் பெம்பான் ஆகிய சிற்றூர்களிலுங்கூட, ஓர் அறையும் ஒரு கணினியும் ஓர் ஒலிவாங்கியும் ஒரு மின்சாரக் கித்தாரும் சேர்ந்தால் அதுவே ஒலிப்பதிவுக் கூடமாகி விடுகின்றது. முன்னாளில் பெரும்பொருள் படைத்தோர்க்கன்றிக் கைகூடாத காரியம், இன்று கூலிக்கு உழைப்போருடைய மக்களுக்கும் கைகூடியிருக்கின்றது. இஃது உவகைக்குரிய மாறுதல் என்பதில் ஐயமில்லை.

எனினும், உவகை வேறு, மதிப்பீடு வேறு. இவ்விளைஞர்கள் வெளியிடும் பாடல்களைத் தொடர்ந்து கேட்டு வரும் நமக்கு ஒரு குறை மீண்டும் மீண்டும் செவியில் உறுத்துகின்றது. கித்தார் நிறைந்து ஒலிக்க வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் ஆசை. மேனாட்டுக் குழுக்களின் பதிவுகளில் கித்தார் ஒரு மதிலைப் போல எழுந்து நிற்பதைக் கேட்டு, தம்முடையதும் அவ்வாறே நிற்க வேண்டுமென்று விழைகின்றனர். அவ்விழைவில் தவறில்லை. ஆனால் அதற்காக அவர்கள் கையாளும் வழி பெரும்பாலும் நேர்மாறான பயனையே தருகின்றது. கித்தார் பெருகுவதற்குப் பதிலாகக் கலங்குகின்றது. பாட்டின் சொல் அதனுள் அமிழ்ந்து போகின்றது. நிறைவு என்பது யாது, அது எவ்வாறு பிறக்கின்றது, தமிழ்ப் பாட்டில் அதற்கு எல்லை எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியப் பகுதியில் கித்தாருக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். பாட்டு, சொல்லால் ஆனது. அச்சொல் கேட்போர் செவிக்குச் சேருகின்றதா என்பது இலக்கியத்தைச் சார்ந்த கேள்வியே. வேறு சிலர், அஃது அந்நியக் கருவி ஆயிற்றே என்பர். பிடில் எந்த நாட்டுக் கருவி? தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ம் ஆண்டில் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார் என்பது வரலாறு. இன்று அக்கருவி இல்லாத கருநாடக இசைக் கச்சேரி உண்டோ? அகில இந்திய வானொலி 1940-ம் ஆண்டில் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. அதனால் ஆர்மோனியம் மடிந்து விட்டதோ? நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் அது தழைத்தே நின்றது. கருவியின் பிறப்பிடத்தைக் கேட்டுப் பயனில்லை. நம்மிடையே வந்து அஃது என்ன செய்கின்றது என்பதையே கேட்க வேண்டும்.

இந்நிலத்தில் கித்தார் நேற்று வந்த விருந்தாளியுமன்று. 1961-ம் ஆண்டில் கிளிப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் இசை நிகழ்ச்சி நடத்தினர். அதன் பின்னர் அத்தீவிலும் தீபகற்பத்திலும் கித்தார்க் குழுக்கள் பல முளைத்தன. அவற்றின் இசைக்குப் பிற்காலத்தில் பாப் யே யே என்னும் பெயர் நிலைத்தது. பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்களாகிய டேவிட் ஆறுமுகமும், 2007-ம் ஆண்டில் காலமான லோகநாதன் ஆறுமுகமும் ஆலிகேட்ஸ் என்னும் குழுவின் வாயிலாக மலாய்ப் பாட்டுலகில் பெரும்புகழ் எய்தினர். ஆகவே, நம்மவர் கையில் கித்தார் இருப்பது புதுமையன்று. தமிழ்ச் சொல்லுக்கு அருகே அஃது எவ்வாறு நிற்பது என்பதே புதிய கேள்வி.

கித்தாருக்கு மின்சாரம் ஏன் வேண்டியதாயிற்று என்பதை முதலிற் காண்போம். மரப்பெட்டியில் கம்பி கட்டிய பழைய கித்தாரின் ஓசை மிக மெல்லியது. எக்காளங்களும் முரசுகளும் நிறைந்த அமெரிக்க வாத்தியக் குழுக்களில் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1936-ம் ஆண்டில் கிப்சன் நிறுவனம் இ.எஸ். 150 என்னும் மின்சாரக் கித்தாரை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஓக்லஹோமாவில் வறுமையில் வளர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்னும் கறுப்பின இளைஞர் அதனைக் கையிலேந்தி, 1939-ம் ஆண்டில் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்தார். அதுவரை பின்வரிசையில் தாளத்துக்கு மட்டும் துணை நின்ற கருவி, எக்காளத்தோடு சமமாக நின்று பேசத் தொடங்கிற்று. கேட்கப்படாதவன் கேட்கப்பட வேண்டும் என்பதற்காகவே இக்கருவிக்கு மின்சாரம் ஏறியது. இதனை நம் இளைஞர்கள் நெஞ்சிற் பதித்துக் கொள்வது நலம். கேட்கப்பட வேண்டிப் பிறந்த கருவி, மற்றொருவரைக் கேட்கவொட்டாமல் செய்வது முறையாகுமோ?

நிறைந்த ஒலியைப் பதிவிலே முதன்முதல் திட்டமிட்டுக் கட்டியவர்களுள் லெஸ் பால் தலைசிறந்தவர். 1948-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் இசைத்தட்டில், தாம் ஒருவரே எட்டுக் கித்தார்ப் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துச் சேர்த்தார். 1951-ல் மேரி போர்டுடன் சேர்ந்து வெளியிட்ட பதிவில் குரலையும் அவ்வாறே அடுக்கினார். கவனிக்க வேண்டியது யாதெனின், அவர் ஒரே வாசிப்பை எட்டு முறை பிரதி எடுக்கவில்லை. எட்டுப் பகுதிகளையும் தனித்தனியே வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை, வேறு இடம்.

மற்றொரு சான்று, தொழிற்சாலையிலிருந்து வருகின்றது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் டோனி ஐயோமி என்னும் இளைஞர் தம் 17-ம் வயதில் இரும்புத் தகடு அழுத்தும் இயந்திரத்தில் கை சிக்கி, இரண்டு விரல்களின் நுனிகளை இழந்தார். உருக்கிய பிளாஸ்டிக்கால் விரலுறை செய்து, தோலால் அதனைப் போர்த்து, மெல்லிய கம்பிகளைக் கட்டி மீண்டும் வாசித்தார். பின்னாளில் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். பிளாக் சாபத் என்னும் அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டு ஏறத்தாழ ஒரே நாளிற் பதிவாகி 1970-ம் ஆண்டில் வெளிவந்தது. இன்றும் கனத்த கித்தாருக்கு அதனையே உதாரணமாகக் காட்டுவோர் பலர். அக்கனம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரு கித்தாரும் ஒரு பேஸ் கித்தாரும் ஒரே வரிசையை ஒருமித்து வாசித்ததிலிருந்தும், இடையிடையே விட்ட மௌனத்திலிருந்தும் வந்தது. ஒரு தொழிலாளியின் குறைப்பட்ட கை கண்டுபிடித்த நிறைவு அது.

இனி, பதிவின் நுட்பத்திற்கு வருவோம். தோட்டத்தில் பால் நிறுக்குமிடத்தில் கணக்கெழுதும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கோப்பையில் மழைநீர் சேர்ந்துவிட்டால் வாளி விரைவில் நிரம்பும். உலர்ந்த ரப்பரின் எடையோ ஒரு சிறிதும் கூடாது. நீர் கலவாத பாலிலேயே நூற்றுக்கு 30 பங்கு அல்லது அதற்குச் சற்று மேலாகத்தான் ரப்பர் இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் நீர். மெட்ரோலாக் என்னும் அளவுகோலைப் பாலில் மிதக்கவிட்டால் உள்ளது இவ்வளவு என்று அது காட்டிவிடும். கித்தாரின் ஒலிப்பெருக்கியில் டிஸ்டார்ஷன் என்னும் சிதைவொலியை ஏற்றுவதும் இத்தகையதே. ஓர் அளவு வரையில் அது கம்பியின் ஒலிக்கு உரமும் நீட்சியும் தருகின்றது. அளவு கடந்தால் வாளி நிரம்புகின்றது, ரப்பர் குறைகின்றது.

காரணம் எளிது. சிதைவொலி என்பது ஒலியலையின் முடியை வெட்டிவிடுவதால் உண்டாவது. ஓங்கிய அலையும் ஒடுங்கிய அலையும் ஒரே உயரத்திற்கு வெட்டப்படும்போது, கம்பியை மீட்டிய அந்தக் கணத்தின் அடி மற்றவற்றினின்றும் பிரிந்து தெரிவதில்லை. கை வலுவாக அடித்ததா, மெல்ல வருடியதா என்பதும் தெரிவதில்லை. அடி தெரியாத ஒலிக்கு உடல் ஏது? அறையில் தனியே நின்று வாசிப்பவனுக்கு நெஞ்சை அதிர வைக்கும் பேரோசையே நிறைவாகத் தோன்றும், ஒலிவாங்கிக்கு நெஞ்சில்லை. ஆகவே, தேர்ந்த பதிவாளர்கள் பலரும் கூறும் முதல் அறிவுரை, வாசிப்பவன் விரும்பும் அளவிலிருந்து சிதைவொலியைச் சற்றுக் குறைத்துப் பதிவு செய்க என்பதேயாகும். தனியே கேட்டால் மெலிவாகத் தோன்றும்; இரண்டு மூன்று சேரும்போது வலிவு தெரியும்.

இரண்டாவது, ஒலிவாங்கியின் இடம். 1965-ம் ஆண்டில் வெளிவந்த ஷூர் எஸ்.எம். 57 என்னும் எளிய ஒலிவாங்கி இன்றளவும் கித்தார்ப் பெட்டியின் முன்னே வைக்கப்படுகின்றது. அது விலையுயர்ந்ததன்று. ஒலிபெருக்கிக் கூம்பின் நடுவுக்கு நேரே வைத்தால் ஒலி கூர்மையாயிருக்கும்; விளிம்பை நோக்கி இரண்டு விரற்கடை நகர்த்தினால் மென்மையாகும். கூம்புக்கு மிக அருகே கொண்டு சென்றால் கீழொலி பெருகும். கணினியில் பத்துப் பொத்தான்களைத் திருகிச் செய்ய முயல்வதை இந்த இரண்டு விரற்கடை செய்து விடும். இரண்டு ஒலிவாங்கிகளை வைப்போர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். ஒன்று மற்றொன்றை விட 17 சென்டிமீட்டர் பின்னே நின்றால், 1000 ஹெர்ட்ஸ் அளவுள்ள ஒலி அரைச் சுற்றுப் பிந்தி வந்து, முன்னதோடு மோதி அழிந்து போகும். இரண்டு வைத்தும் ஒலி மெலிந்ததே என்று திகைப்போர்க்கு விடை இதுவே. கூட்டல் எல்லாம் பெருக்கமாகாது. சில கூட்டல் கழித்தலாகவும் முடியும்.

மூன்றாவது, இரட்டித்து வாசித்தல். மேனாட்டுப் பதிவுகளில் கித்தார் இடச்செவியையும் வலச்செவியையும் நிறைத்து அகன்று நிற்பது, ஒரே பகுதியை ஒருவர் இருமுறை வாசித்து, ஒன்றை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் வைப்பதனால் வருவது. இரண்டு வாசிப்புக்களும் மயிரிழை அளவு வேறுபடும், அவ்வேறுபாடே அகலம். நம்மவர் பலர் ஒருமுறை வாசித்ததைக் கணினியிற் பிரதி எடுத்து இருபுறமும் வைத்துவிட்டு, அகலம் வரவில்லையே என்று வருந்துகின்றனர். ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டால் ஒன்றாகவே இருக்கும் இரண்டு, செவிக்கு இரண்டாகத் தோன்றுவது எங்ஙனம்? அது நடுவில் நின்று சற்று உரத்து ஒலிக்கும், அவ்வளவே. பிரதியைச் சிறிது பிந்தவிட்டு ஏமாற்றுவோரும் உளர். அப்பதிவைத் திருவிழாவில் ஒற்றை வழியாக ஒலிக்கும் குழாய் ஒலிபெருக்கியிலோ, சிறு கைபேசியிலோ கேட்டால், இரண்டும் மோதிக்கொண்டு ஒலி குழிவிழுந்து போகும். நம் மக்கள் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் அவ்விரண்டில்தானே!

நான்காவது, கீழொலி. கித்தாரின் மிகத் தடித்த கம்பி, வழக்கமான சுருதியில், 82 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கின்றது. பேஸ் கித்தாரின் தடித்த கம்பி அதற்கு ஓர் எட்டாம் இசை கீழே 41 ஹெர்ட்ஸில் அதிர்கின்றது. கித்தார் கனத்து ஒலிக்க வேண்டுமென்று அதன் கீழ்ப்பகுதியை ஏற்றுவோர், பேஸ் கித்தாருக்கும் பெருமுரசுக்கும் உரிய மனையில் வேலி போடுகின்றனர். பலர் அறியாத செய்தி என்னவெனில், கேட்போர் கித்தாரின் கனம் என்று எண்ணுவதில் பெரும்பங்கு பேஸ் கித்தாருடையது. கித்தாரின் அடிப்பகுதியை 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அரிந்துவிட்டு, பேஸ் கித்தாரை அதே வரிசையில் வாசிக்கச் செய்தால், தனியே மெலிந்த கித்தார் கூட்டத்தில் பருத்து நிற்கும்.

செம்பனை நடுவோர் இந்த உண்மையை எப்போதோ அறிந்திருக்கின்றனர். மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு முக்கோணமாக நட்டால் ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 143 மரங்கள் கொள்ளும். ஆசை மிகுந்து நெருக்கி நட்டால், வெயிலுக்குப் போட்டியிட்டு மரங்கள் ஒல்லியாக ஓங்கும், குலை சிறுக்கும். தோட்டம் அடர்ந்து தெரியும். கணக்குப் புத்தகத்தில் விளைச்சல் குறைந்து தெரியும். ஒலிக்கலவையும் ஒரு நடவே.

தமிழ்ப் பாட்டில் இக்கலை எவ்வாறு நடந்திருக்கின்றது என்று பார்க்கப் புகுந்தால், இளையராஜாவைக் குறிப்பிடாமற் செல்ல இயலாது. அவரே கித்தார் வாசிப்பாளர். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவர். 1976-ம் ஆண்டில் அன்னக்கிளி படத்தின் வாயிலாக இசையமைப்பாளர் ஆனவர். அவருடைய பாடல்களில் பேஸ் கித்தார் பாட்டுக்கு வெறும் அடித்தளமாகக் கிடப்பதில்லை. குரலுக்கு எதிர்மொழி பேசிக்கொண்டே செல்கின்றது. 1982-ல் வெளிவந்த பயணங்கள் முடிவதில்லை படத்தின் இளைய நிலா என்னும் பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கித்தாரை நினைவு கூர்க. பாடகர் பாடும்போது அது பின்னே நடை பயின்று, இறுதியில் தன் முறை வந்ததும் முன்னே வந்து விரிந்து பேசுகின்றது. அக்காலத்தில் வாத்தியக்காரர் பலரும் ஒரே கூடத்திலமர்ந்து ஒருங்கே வாசித்தனர், தடங்களோ சில. யார் எப்போது அடங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதித் தீர வேண்டியிருந்தது. வசதிக் குறைவே ஒழுங்கைக் கற்பித்தது.

ஏ. ஆர். ரகுமான் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தோடு அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்னும் கூடமும், 1992-ம் ஆண்டில் வந்த ரோஜாவும் இம்முறையை மாற்றின. ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே வாங்கி, அடுக்கி, வேண்டியபோது நீக்கி, வேண்டியபோது சேர்க்கும் முறை வேரூன்றியது. அவர் பாடல்கள் பலவற்றைப் பதிவு செய்து கலந்த எச். ஸ்ரீதர் 2008-ம் ஆண்டில் மறைந்தார். அடுக்கடுக்காகப் பல ஒலிகளை வைத்தும் ஒவ்வொன்றும் தன் இடத்தில் தெளிவாகத் துலங்கச் செய்ய இயலும் என்பதற்கு அவ்விருவர் உழைப்பும் சான்று. ஆனால் அவ்வுழைப்பிலிருந்து நம் இளைஞர்கள் எடுத்துக்கொண்டது அடுக்குவதை மட்டுமே; துலக்குவதை விட்டுவிட்டனர். தடங்களுக்கு வரம்பில்லாத கணினி, வேண்டாம் என்று சொல்லக் கற்பிப்பதில்லை. அதனைப் பாட்டுக் கட்டுவோனே தனக்குத் தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கனத்த கித்தாரைத் தமிழர் கையாண்டதற்கு நம் அண்டையிலேயே ஒரு சான்று உண்டு. சிங்கப்பூரில் 1992-ம் ஆண்டில் தோன்றிய ருத்ரா என்னும் குழுவினர், உலோக இசை எனப்படும் மிகக் கடுமையான கித்தார் இசையை முப்பதாண்டுகளுக்கு மேலாக வளர்த்து வந்திருக்கின்றனர். அவர்களுடைய உழைப்பையும் உறுதியையும் நாம் மதிக்கிறோம். எனினும், அவர்கள் பாடுவது ஆங்கிலத்திலும் வடமொழியிலும். தத்துவ நூற்பொருளை முழக்கமாக ஒலிப்பதே நோக்கம். அம்முழக்கத்திற்குச் சொல் ஒவ்வொன்றும் விளங்க வேண்டியதில்லை. பொருளை முன்னரே அறிந்தோர் ஒலியில் திளைப்பர். தமிழ் மக்களுக்குத் தமிழில் ஒரு செய்தியைச் சொல்ல வருவோர் அந்த அளவுகோலை அப்படியே எடுத்தாள முடியாது.

சென்னையில் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கி, 2018-ம் ஆண்டு சனவரித் திங்களில் முதன்முறை மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் குழுவோ நம் ஆராய்ச்சிக்கு மிக நெருங்கியது. ஒரு பைசாத் தமிழன் இதழை 1907-ம் ஆண்டில் தொடங்கிய அயோத்திதாச பண்டிதர் வழங்கிய சாதியில்லாத் தமிழர் என்னும் கருத்தே அக்குழுவின் பெயருக்கு மூலம். அங்கே மின்சாரக் கித்தார் கானாப் பாட்டோடும் பறையோடும் சட்டியோடும் ஒரே மேடையில் நிற்கின்றது. நாம் பாராட்டுவது அந்தச் சேர்க்கையின் புதுமையை மட்டுமன்று. அக்குழுவின் பாட்டிற் சொல்லே தலைவன். இட ஒதுக்கீட்டைப் பற்றியும், தாம் பட்ட இழிவைப் பற்றியும் பாடுவோர், கேட்போர்க்குச் சொல் விளங்காவிடின் பாடியதே வீண் என்பதை அறிந்திருக்கின்றனர். கித்தாரின் ஆரவாரம் பாட்டைத் தூக்கிச் செல்லும் தோளாக நின்றால் வாழ்க. பாட்டின் வாயைப் பொத்தும் கையாக மாறினால் அதனை விலக்குக.

இதில் நம் செவியின் இயல்பும் நமக்கு எச்சரிக்கை தருகின்றது. மனிதக் குரலில் உயிரெழுத்துக்களின் வலிமை பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் உள்ளது. மெய்யெழுத்துக்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் ஏறத்தாழ 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில் உள்ளன. சிதைவொலி ஏற்றிய கித்தார் மிகுதியாக ஆரவாரிப்பதும் அதே பகுதியில்தான். ஆகவே கித்தார் முதலில் விழுங்குவது மெய்யெழுத்தை. லகரமும் ளகரமும் ழகரமும் வேறுபட்டாலன்றிப் பொருள் வேறுபடாத நம் மொழிக்கு இஃது எத்தகைய கேடு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தோலிசைக் கருவிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. தப்பின் உயிர், மெல்லிய நீண்ட குச்சி தோலைத் தொடும் அந்தச் சுளீரென்ற அடியில் இருக்கின்றது. உறுமியின் உயிர், வளைந்த கோல் தோலின்மேல் உராயும்போது எழும் முனகலில் இருக்கின்றது. கித்தாரின் மேற்பகுதி ஆரவாரம் தப்பின் அடியை மறைக்கும். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையில் தேங்கும் அதன் மந்தவொலி உறுமியின் முனகலை மூடும். பின்னர், உறுமி மேளம் இருக்கின்றது என்று உறையின்மேல் அச்சிட்டுப் பயன் என்ன? காலங்காலமாக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட கருவியைப் பதிவுக்கூடத்துக்கு உள்ளே அழைத்து வந்து, அங்கும் ஒரு மதிலுக்குப் பின்னே நிறுத்துவது சீர்திருத்தமாகுமோ?

நமக்கு அண்மையில் ஓர் இளைஞர் குழுவினர் தம் பாட்டைக் கேட்கத் தந்தனர். மூடப்பட்ட ஒரு தோட்டத்தையும், காலி செய்யப்பட்ட லயத்து வீடுகளையும் பற்றிய பாட்டு அது. மும்முறை கேட்டும் பல்லவியின் பொருள் நமக்குப் பிடிபடவில்லை. எழுதிய தாளை வாங்கிப் பார்த்தபோதுதான், பால் என்னும் சொல்லும் பாழ் என்னும் சொல்லும் எதிரெதிரே நின்று அந்தப் பல்லவியைத் தாங்குகின்றன என்பது விளங்கிற்று. பதிவில் இரண்டும் ஒன்றே. ஒன்பது கித்தார்த் தடங்கள் இருந்தன. அவற்றுள் ஆறு, பிரதிகள். பிரதிகளை நீக்கினர். இரண்டு வாசிப்பை இருபுறமும் வைத்து, நடுவைக் குரலுக்கும் தப்புக்கும் பேஸ் கித்தாருக்கும் விட்டனர். குரல் வரும் இடங்களில் மட்டும் கித்தாரின் 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சிறிது தாழ்த்தினர். எஞ்சிய ஒரு தடத்தைக் குரல் ஓய்ந்த இடையிசைக்கு ஒதுக்கினர். அவ்வளவே. பால் பாலாகவும் பாழ் பாழாகவும் கேட்டன. வியப்பு யாதெனின், கித்தாரும் முன்னிலும் பெரிதாக ஒலித்தது.

இது சிலருக்கு அற்பச் செய்தியாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இந்நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அதனைத் தடுக்க வேண்டி 1960-ம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார் என்பதை மூத்தோர் அறிவர். அதன் பின்னும் எத்தனையோ தோட்டங்கள் கைமாறின, ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீட்டு மனையாயிற்று. அங்கே பிறந்து வளர்ந்தோர் நகர்ப்புறத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். அவ்வாழ்வைப் பற்றி எழுதிவைத்த ஏடுகள் சிலவே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாடகை அறைகளில் கட்டும் பாட்டுக்களும் அந்த ஏடுகளுள் சேரத் தக்கவை. எழுதிய ஏட்டின்மேல் மையைக் கொட்டுவோர் உண்டோ? சொல்லின்மேல் கித்தாரைக் கொட்டுவது அதனினும் வேறன்று.

கித்தாரை அடக்கி ஒடுக்குக என்று நாம் கூறவில்லை. அஃது ஓங்க வேண்டிய இடத்தில் ஓங்குக. பாட்டில் சினம் இருந்தால் சினந்து முழங்குக. ஆனால் எப்போதும் முழங்கும் ஒலிக்கு முழக்கம் என்னும் பெயர் தகாது. அடங்கிய பின் ஓங்கும் ஒலியே ஓங்கிய ஒலியாகச் செவிக்குப் படும்.

மதிப்பிடும் முறை பற்றியும் ஒரு சொல். உரக்க வைத்துக் கேட்டால் எந்தக் கலவையும் நிறைவாகவே தோன்றும். ஓசை மிகும்போது கீழொலியை நம் செவி மிகுதியாக உணர்கின்றது என்பதை பிளெட்சர், மன்சன் என்னும் இரு அறிஞர்கள் 1933-ம் ஆண்டிலேயே சோதித்துக் காட்டினர். ஆகவே, இரண்டு கலவைகளை ஒப்பிடுவோர் இரண்டையும் ஒரே உரப்பில் வைத்துக் கேட்க வேண்டும். மெல்ல வைத்தும் கேட்க வேண்டும். ஒற்றை ஒலிபெருக்கியிலும் கேட்க வேண்டும். எழுதிய கைக்குத் தன் சொல் எப்போதும் கேட்கும். ஏனெனில் அது முன்னரே மனப்பாடம். பாட்டைக் கட்டியவன் தன் கலவைக்குத் தானே நீதிபதியாக இருத்தல் இயலாது.

ஆதலின், பாட்டை வெளியிடுமுன் நம் இளைஞர்கள் ஒரு காரியம் செய்வார்களாக. வீட்டிலுள்ள பாட்டியையோ, பக்கத்து வீட்டுப் பெரியவரையோ அழைத்து, பாட்டின் எழுத்தைக் காட்டாமல், கைபேசியில் ஒருமுறை மெல்ல ஒலிக்கச் செய்து, அவர்கள் கேட்ட பல்லவியைத் திருப்பிச் சொல்லுமாறு வேண்டுக. சொல்லிவிட்டால் கித்தாரை வேண்டுமளவு அழகு செய்க. சொல்லத் தடுமாறினால், அவர்கள் செவியைக் குறை கூறாமல், கூடத்துக்குத் திரும்பிச் சென்று ஒரு தடத்தை நீக்கி விட்டு மறுபடியும் கேட்கச் செய்க.